கத்தியில் ஏறிய செம்பு: காட்டாமலே படிப்பிக்கப்படும் ஒரு பாடம்

அப்பப்பாவின் முந்திரிகைத் தோட்டத்தைப் பற்றி எனக்கு மிச்சமிருக்கும் ஞாபகங்களில் ஒன்று, அவர் நீலக் கலவைக்குள் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருப்பது. கொடிக்கு மருந்தடிக்கிற நாளில் ஒரு மண்பானையில் மயில்துத்தத்தைக் கரைப்பார். இன்னொரு பானையில் சுண்ணாம்பு. இரண்டையும் சேர்த்துக் கலக்கிய பிறகு, நன்றாக மினுக்கிய கத்தியின் அலகைக் கொஞ்ச நேரம் அதற்குள் பிடிப்பார். வெளியே எடுக்கும்போது அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால், "சுண்ணாம்பு காணாது" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் விடுவார். கத்தி போனபடியே திரும்பி வந்தால்தான் மருந்து கொடிக்குப் போகும்.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். கத்தி ஏன் சிவக்குது என்று கேட்டேன். "மருந்து இன்னும் அடங்கேல்ல. இப்ப அடிச்சா இலையைச் சுட்டுப்போடும்" என்றார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பந்தல் கால்கள் நின்றன, கொடி இல்லை. அப்பப்பா பிறகு முந்திரிகை நடவில்லை.

எட்டு வருடம் கழித்து, தரம் 10இல், விஞ்ஞானப் பாட ஆசிரியர் கரும்பலகையில் 'இடப்பெயர்ச்சித் தாக்கம்' என்று எழுதினார். பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், அப்ப நாங்கள் எல்லாரும் உலோகமோ?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்தார். பிறகு அவர் சமன்பாட்டை எழுதினார், நாங்கள் பார்த்து எழுதினோம். இரும்பு + செப்பு சல்பேற்று → இரும்பு சல்பேற்று + செப்பு. ஆணியையோ நீலக் கரைசலையோ யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. அந்த வரியும் அப்பப்பாவின் கத்தியும் ஒன்றுதான் என்பது எனக்கு விளங்க இன்னும் இருபது வருடங்கள் எடுத்தன. இடையில் விஞ்ஞானத்தை விட்டு ஊடகக் கற்கைப் பக்கம் போய்விட்டேன்.

"சித்தி, இதை ஆர் முடிவெடுத்தது?"

என்னைத் திரும்ப இந்தப் பாடத்துக்கு இழுத்தவள் அக்காவின் மகள். இந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கிறாள். ஒரு பின்னேரம் விறாந்தையில் நடந்து நடந்து பாடமாக்கிக்கொண்டிருந்தாள்: பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், ஐதரசன், செப்பு, இரசம், வெள்ளி, பொன். ரியூசன் ஆசிரியர் முதலெழுத்துகளைக் கோர்த்து ஒரு வசனம் செய்து கொடுத்திருந்தார். வசனத்துக்கு அர்த்தம் இல்லை. ஆனால் மறக்காது.

நடுவில் நின்று கேட்டாள்: "சித்தி, நாகத்துக்குக் கீழதான் இரும்பு எண்டு ஆர் முடிவெடுத்தது?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட, அவளுடைய வயதில் எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. அரசர்களின் பெயர் வரிசையைப் போலத்தான் நானும் இதைப் பாடமாக்கினேன்.

அந்தக் கேள்வியோடு பாடப்புத்தகத்தைத் திறந்தேன், தெரிந்த ஆசிரியர்களிடம் விசாரித்தேன், கடைசியில் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய பாடசாலையின் விஞ்ஞான அறை வரைக்கும் போனேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: யாரும் முடிவெடுக்கவில்லை. உலோகங்களையே கேட்டார்கள்.

இலத்திரனை யார் விடுகிறார்

ஒரு உலோகத்தை இன்னொரு உலோகத்தின் உப்புக் கரைசலுக்குள் போடுவதுதான் கேட்கும் முறை. செப்பு சல்பேற்றுக் கரைசலில் செப்பு தனி உலோகமாக இல்லை. ஒவ்வொரு செப்பு அணுவும் இரண்டு இலத்திரன்களை இழந்து, அயனாக நீரில் கரைந்திருக்கிறது. நீல நிறம் அந்த அயன்களுடையது. அதற்குள் ஒரு இரும்பு ஆணியைப் போட்டால், இரும்பு அணு தன் இலத்திரன்களில் இரண்டைச் செப்பு அயனிடம் விட்டுவிட்டுத் தான் கரைசலுக்குள் போகிறது. இலத்திரன் கிடைத்த செப்பு மீண்டும் உலோகமாகி ஆணியின் மேல் படிகிறது. இரும்பு போன இடத்தில் செப்பு. செப்பு இருந்த இடத்தில் இரும்பு. இடப்பெயர்ச்சி என்ற பெயர் அதனால் வந்தது.

மறுபக்கமாகச் செய்து பாருங்கள். இரும்பு சல்பேற்றுக் கரைசலுக்குள் ஒரு செப்புக் கம்பியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. நாள் முழுக்கக் காத்திருந்தாலும் கம்பி கம்பியாகவே இருக்கும். ஆக, இலத்திரனை விடுவதில் இரும்பு செப்பைவிட முந்தியது. இரும்பு மேலே, செப்பு கீழே.

நாகம், இரும்பு, ஈயம், செப்பு என்று நான்கு உலோகங்களையும் அவற்றின் நான்கு கரைசல்களையும் எடுத்தால், ஒன்றை அதன் சொந்தக் கரைசலுக்குள் போடுவதை விட்டுவிட்டுப் பார்க்க 12 சோதனைகள் வரும். எங்கே மாற்றம் வந்தது, எங்கே வரவில்லை என்று ஒரு அட்டவணை போட்டால், யாரும் சொல்லாமலே வரிசை வெளியே வந்துவிடும். ரஷ்ய இரசாயனவியலாளர் நிக்கொலாய் பெக்கெட்டோவ் 1865இல் வெளியிட்ட ஆய்வு, எந்த உலோகம் எதைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் என்பதைத்தான் ஒழுங்குபடுத்தியது. பிற்காலத்தில் மின்னழுத்தங்களை அளந்து அதே வரிசைக்கு எண்களும் கொடுத்தார்கள். பெறாமகள் விறாந்தையில் ஒப்புவித்த பட்டியல் இப்படிப்பட்ட சோதனைகளின் பெறுபேறு. எங்கள் பிள்ளைகளுக்குப் பெறுபேறு மட்டும் கிடைக்கிறது.

ஆணி, பற்றரித் தகடு, அலுமினியத் தாள்

கிளிநொச்சியில் நான் சந்தித்த ஆசிரியருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய அறையில் தண்ணீர்க் குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. முகவைகள் மூன்று, மிச்சம் எல்லாம் கழுவிய ஜாம் போத்தல்கள். செப்பு சல்பேற்றை விவசாய மருந்துக் கடையில் வாங்கியிருந்தார்.

நான் போன அன்று முதலாவது போத்தலுக்குள் அரத்தாள் போட்டு மினுக்கிய ஒரு ஆணியை இறக்கினார். சில நிமிடங்களில் ஆணி செம்மண் நிறமானது. இரண்டாவது போத்தலுக்குள் சாம்பல் நிறத் தகடு ஒன்று போனது. "இது நாகம். பழைய ரோச் பற்றரியின்ர கோது" என்றார். கார்பன் கோலும் கறுப்புப் பசையும் உள்ள பழைய வகைப் பற்றரியின் வெளிக்கோது நாகத்தால் ஆனது. அதை அவரே வெட்டி, கழுவி, மினுக்கி வைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் அந்த வேலையை விடுவதில்லை.

"நான் படிப்பிக்கத் தொடங்கின காலத்தில பற்றரிக்கே தடை, பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். "சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்ட சனம். ஒரு செத்த பற்றரி கிடைச்சா எனக்கு அது ஒரு தவணைக்குரிய நாகம்."

நாகத்தில் செப்பு படிவதும் ஆணியில் படிவதும் ஒரே மாதிரி இல்லை. நாகத் தகட்டில் அது வேகமாக, கறுப்பும் கபிலமுமாக, பஞ்சுபோல ஏறியது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் போத்தலின் வெளிப்பக்கத்தைத் தொடச் சொன்னார். "சேர், இளஞ்சூடு!" என்றாள் அவள். தகட்டுக்குப் பதிலாக நாகத் தூளைப் போட்டால் இதை வெப்பமானியிலேயே பார்க்கலாம்: ஒரு லீற்றருக்கு 0.2 மூல் அளவில் கரைத்த செப்பு சல்பேற்றில் போதிய அளவு நாகத் தூளைப் போட்டுக் கலக்கினால் வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் கூடும். வரிசையில் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் உள்ள தூரம் கூடக் கூட, வெளியேறும் சக்தியும் பொதுவாகக் கூடும். அந்தப் பிள்ளை உள்ளங்கையால் அளந்தது அந்தத் தூரத்தைத்தான்.

மூன்றாவது போத்தல்தான் அன்றைய பாடம். சேர் ஒரு துண்டு அலுமினியத் தாளைக் காட்டிக் கேட்டார்: "அலுமினியம் நாகத்துக்கு மேலயா கீழயா?" எல்லாரும் "மேல" என்றார்கள். "அப்ப இதைப் போட்டா என்ன நடக்கும், சொல்லுங்கோ பாப்பம்." நாகத்தைவிட வேகமாக நடக்கும், கூடச் சூடாகும் என்று பலரும் சொன்னார்கள். கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதிய பிறகு தாளைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. தாள் நீலத் தண்ணீருக்குள் பளபளவென்று கிடந்தது. ஒரு பெடியன், "சேர், பழுதான தாளோ?" என்று கேட்டான். இன்னொருத்தி தான் எழுதியதை அழிறப்பரால் அழிக்கத் தொடங்கினாள். "அழிக்காத" என்றார் சேர். "நீ எழுதினது பிழை இல்லை. ஏன் நடக்கேல்ல எண்டதுதான் கேள்வி."

பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சாதாரணக் கறியுப்பு. ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். சிறிது நேரத்தில் தாளின் ஓரங்களில் செம்புத் துணிக்கைகள் தோன்றின. குமிழிகள் வந்தன. தாள் ஓட்டை ஓட்டையாகிக் கரைந்துகொண்டே போனது, போத்தல் சூடேறியது. முன்வாங்கில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள்.

விளக்கம் எளிமையானது. அலுமினியம் காற்றில் பட்டவுடனேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்சைட்டுப் படை உருவாகிவிடும். கரைசல் உலோகத்தைத் தொடவே அந்தப் படை விடாது. உப்பில் உள்ள குளோரைட்டு அயன்கள் அந்தப் படையில் ஓட்டை போட்டுவிடுகின்றன. அதன் பிறகு, வரிசை சொன்னது சொன்னபடி நடக்கிறது. புளியும் உப்பும் போட்டு வைத்த அலுமினியச் சட்டியில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுவதை எங்கள் சமையலறைகளில் பார்த்திருப்போம். அங்கேயும் இந்தப் படைக்குத்தான் சேதம்.

இதைப் போல இன்னொரு இடறலையும் சேர் சொன்னார், ஆனால் செய்து காட்டவில்லை. வரிசையில் மிக மேலே இருக்கும் சோடியத்தைச் செப்பு சல்பேற்றுக் கரைசலில் போட்டால் பளபளப்பான செப்பு வராது. அது செப்பிடம் போவதற்கு முன்பே தண்ணீரோடு மூர்க்கமாகத் தாக்கமடைந்துவிடும். பட்டியலை மட்டும் பாடமாக்கிய பிள்ளை இந்த இரண்டு இடத்திலும் பிழை விடும். பட்டியல் எப்படி வந்தது என்று தெரிந்த பிள்ளை நின்று யோசிக்கும்.

வெளிச்சம் மட்டும்தான் ஞாபகம்

இந்தப் பாடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. உலகின் பல பாடசாலைகளில் இடப்பெயர்ச்சித் தாக்கம் என்றால் மாணவர்களுக்கு நினைவு வருவது ஆணி அல்ல, தேமைற்று. இரும்பு ஒட்சைட்டுத் தூளோடு அலுமினியத் தூளைக் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் இரும்பிடமிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். வெப்பநிலை 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். இரும்பு 1538 பாகையில் உருகும் என்பதால், வெள்ளையாக எரியும் குவியலின் அடியிலிருந்து உருகிய இரும்பு சொட்டும். ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹான்ஸ் கோல்ட்சிமிற் 1895இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். 1899இல் எசன் நகரின் டிராம் பாதையில் தண்டவாளங்களை ஒட்டுவதற்கு இது பயன்பட்டது. இன்றைக்கும் தண்டவாளங்களை அந்தந்த இடத்திலேயே ஒட்டுவதற்கு உலகெங்கும் கையாளப்படும் முறைகளில் இது ஒன்று. தொடங்கிவிட்டால் தண்ணீர் ஊற்றி நிறுத்த முடியாது. ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். பயிற்சி பெற்றவர்கள், வெளியில், தூரத்தில் நின்று செய்கிற வேலை அது.

அந்த வகைக் காட்சி ஒன்றின் விலையை எனக்குத் தெரியும். நான் தரம் 11இல் இருந்தபோது பக்கத்து வகுப்புக்கு ஒரு ஆசிரியர் மகனீசியத் தூளையும் செப்பு ஒட்சைட்டையும் சூடாக்கிக் காட்டினார். பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது கண்ணால் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். நாகத்தோடு செப்பு ஒட்சைட்டைச் சூடாக்கினால் செந்தணல்போலப் பரவும். மகனீசியம் அப்படியல்ல. வரிசையில் செப்பிலிருந்து அது இன்னும் தூரம். தூளாக இருந்தால் தொடுபரப்பும் அதிகம். எல்லாச் சக்தியும் ஒரே கணத்தில் வெளியேறும். அன்று அளவும் கூடிவிட்டது. கண்ணாடிக் கவசம் இல்லை, மறைப்பும் இல்லை, முன்வரிசை மேசையோடு ஒட்டி நின்றது. எங்கள் வகுப்பு யன்னலில் ஒரு வெள்ளை வெளிச்சம் அடித்தது. பிறகு சத்தம். ஆசிரியரின் கையும் ஒரு மாணவனின் முழங்கைக்குக் கீழும் சுட்டுப்போனது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

அடுத்த கிழமை ஆய்வுகூடத்துக்குப் பூட்டு விழுந்தது. எங்கள் தொகுதி பரீட்சை எழுதி வெளியேறும்வரை அது திறக்கப்படவில்லை. அந்த ஆசிரியர் பிறகு கரும்பலகையை விட்டு விலகவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அண்மையில் அந்த வகுப்பில் இருந்த ஒரு நண்பியிடம் அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "வெளிச்சம்" என்றாள். செப்பு எங்கே இருந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "செப்பு வந்ததோ? அது எனக்குத் தெரியாது."

அவளுடைய பதிலைத்தான் நான் கிளிநொச்சி ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் பெரிய காட்சிகளுக்கு எதிரானவர் இல்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு இடம் உண்டு என்கிறார். முதலில் பிள்ளைகள் மெதுவான தாக்கங்களைத் தாங்களே செய்து, வரிசையைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, "மகனீசியமும் செப்பு ஒட்சைட்டும் சந்தித்தால்?" என்று கேட்டு எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். கடைசியில்தான் அதைக் காட்ட வேண்டும். வசதியும் பயிற்சியும் இருந்தால் நேரில், இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியாக. "வெளிச்சத்தை முதலே காட்டினா அது வாணவேடிக்கை. கடைசியில காட்டினா, தாங்கள் எழுதினது சரியோ எண்டு பாக்கிறதுக்கு அதுகள் காத்துக்கொண்டு இருக்குங்கள்."

பட்டறையிலும் மணலிலும்

இந்தத் தாக்கம் பாடசாலைக்குள் அடைபட்ட ஒன்றல்ல. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைவேலை செய்யும் பத்தர் ஒருவர், பழைய நகையிலிருந்து பொன்னைப் பிரிக்கும் விதத்தைச் சொன்னார். நைத்திரிக் அமிலத்தில் வெள்ளி கரையும், பொன் கரையாது. பொன்னை எடுத்த பிறகு, மிஞ்சிய கரைசலில் ஒரு செப்புத் தகட்டை விட்டுவைப்பார்கள். செப்பு கரைந்து நீலமாகும். வெள்ளி சாம்பல் தூளாக அடியில் விழும். வரிசையைப் பற்றி அவரிடம் கேட்டேன். "செப்பு தன்னைக் குடுத்து வெள்ளியை மீக்கும்" என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக இல்லை.

சீனாவில் சொங் அரச காலத்தில், 11ஆம் நூற்றாண்டளவில், செப்பு கலந்த சுரங்க நீருக்குள் இரும்பைப் போட்டுச் செப்பு எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அப்பப்பாவின் கலவைக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்சின் போர்டோ பகுதியில் முந்திரிகைக் கொடிகளைத் தாக்கிய பூஞ்சண நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் மருந்தாகும் என்று மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885இல் அறிவித்தார். போர்டோக் கலவை என்ற பெயர் அங்கிருந்து வந்தது. சுண்ணாம்பு குறைந்தால் கரைந்த நிலையில் செப்பு அயன்கள் மிஞ்சும். அவை இலையைக் கருக்கும். மிஞ்சியிருக்கிறதா என்று இரும்புக் கத்தி சொல்லிவிடும். கலவையை இரும்பு வாளியில் கரைக்காமல் மண்பானையில் கரைத்ததற்கும் காரணம் அதுதான். அப்பப்பா இரசாயனவியல் படித்தவரில்லை. ஆனால் கத்தியைக் கேட்கத் தெரிந்திருந்தது.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் இருக்கும் கறுப்பு மணலும் இந்தப் பாடத்துக்குள் வரும். அதில் இல்மனைட்டு இருக்கிறது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். உலகில் வெட்டப்படும் தைத்தேனியக் கனியங்களில் பெரும்பகுதி வெள்ளைப் பூச்சுக்குரிய ஒட்சைட்டாகப் போகிறது. ஒரு சிறு பகுதி உலோகமாக்கப்பட்டு விமானங்களுக்கும் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சைக்கும் போகிறது. அந்த உலோகத்தைப் பெறும் பிரதான முறை, லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோலின் பெயரால் அழைக்கப்படுகிறது. தைத்தேனியம் குளோரைட்டை உருகிய மகனீசியத்தோடு தாக்கமடைய விட்டால், மகனீசியம் குளோரினை எடுத்துக்கொண்டு தைத்தேனியத்தை விட்டுவிடும். ஆணியும் நீலக் கரைசலும் செய்யும் அதே வேலை, காற்றுப் புகாத பெரிய உருக்குக் கலத்துக்குள். நாங்கள் மணலைப் பல தசாப்தங்களாக ஏற்றுமதி செய்துவருகிறோம். இடப்பெயர்ச்சி வேறெங்கோ நடக்கிறது.

பூட்டிய அலுமாரி

ஏன் இது எங்கள் வகுப்பறைகளில் நடப்பதில்லை? பணம் என்று சொல்வது இலகு. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாடு இது. ஆனால் ஆணிக்கும் மயில்துத்தத்துக்கும் பெரிய பணம் தேவையில்லை. வெள்ளி நைத்திரேற்று விலை கூடியது, உண்மை. செப்புக் கம்பியில் வெள்ளி மரம்போல வளர்வதை எல்லாப் பாடசாலைகளிலும் காட்ட முடியாது. மற்றவற்றைக் காட்டலாம்.

நான் கதைத்த ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் வேறு. சாதாரண தர விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை இல்லை. இரண்டு வினாத்தாள்களும் எழுத்திலேயே முடிகின்றன. பாடத்திட்டம் நீளம், ஒரு பாடவேளையில் போத்தல் கழுவவே நேரம் போகும். பின்னேரம் பிள்ளைகள் போகும் தனியார் கல்வி நிலையத்தில் ஒலிவாங்கி இருக்கிறது, ஆய்வுகூடம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, ஆசிரியரைத் தவிர வேறு விடை இல்லாத இடத்தில், அலுமாரியைப் பூட்டிவைப்பது புத்திசாலித்தனமாகவே தெரியும்.

பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் பாடசாலையில் சுட்டுப்போன கை உண்மையானது. ஆனால் அன்று பூட்டியது மகனீசியத் தூளை மட்டுமல்ல, ஆணியையும் சேர்த்துத்தான். ஆபத்தான ஒன்றுக்காக ஆபத்துக் குறைந்த எல்லாவற்றையும் மூடிவிட்டோம். கண்ணுக்குக் கவசம், சிறிய அளவு, ஒரு வாளி தண்ணீர், கை கழுவுதல், ஆசிரியர் பக்கத்தில் நிற்பது. ஆணிப் பரிசோதனைக்கு இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவையில்லை.

செப்பு சல்பேற்று விழுங்கினால் நஞ்சு; மீனுக்கும் ஆகாது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிணறுதான் எல்லாம். சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கீழே போய்ச் சேரும். மிஞ்சிய கரைசலை என்ன செய்கிறீர்கள் என்று கிளிநொச்சி ஆசிரியரிடம் கேட்டேன். மூலையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டினார். அதற்குள் பழைய ஆணிகளும் சட்டி தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சும் கிடந்தன. மிச்சம் எல்லாம் அதற்குள் போகும். நாள்கள் போக நீலம் மங்கும், செப்பு வாளியின் அடியில் சேரும். குப்பையைத் துப்பரவாக்குவதும் அதே தாக்கம்தான். அந்த வாளியும் ஒரு பாடம் என்கிறார்.

கொப்பியில் என்ன எழுதுவது

வீட்டுக்கு வந்து பெறாமகளோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் செய்து பார்த்தோம். அக்கா கையுறை வாங்கி வந்தாள். போத்தலில் 'நஞ்சு' என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். பெறாமகள் நேரத்தைக் குறித்தாள். பின்னேரம் 6:10, ஆணி உள்ளே. 6:14, செம்மை. காலையில் எழும்பி முகம் கழுவ முதல் போத்தலடிக்குத்தான் போனாள்.

ஆணி தடித்த செம்புச் சட்டை போட்டிருந்தது. ஆனால் கரைசல் இன்னும் நீலமாகவே இருந்தது.

"சித்தி, புத்தகத்தில இளம்பச்சை எண்டு கிடக்கு."

இருவரும் இருந்து யோசித்தோம். ஒரு ஆணிக்கு ஒரு போத்தல் கரைசல் அதிகம். செப்புப் படிந்த பிறகு உள்ளே இருக்கும் இரும்பைக் கரைசல் எட்டுவதும் கடினம். எல்லாச் செப்பும் வெளியேறினால்தான் நீலம் முழுதாகப் போகும். அவள் இன்னும் நான்கு ஆணிகளை மினுக்கிப் போட்டாள். மறுநாள் நீலம் வெளிறியிருந்தது. அதற்கடுத்த நாள் மஞ்சளும் கபிலமுமாக ஏதோ அடியில் படியத் தொடங்கியது. இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகிறது என்று நான் சொல்ல முன்பே அவள் சொல்லிவிட்டாள். சுத்தமான இளம்பச்சையை மட்டும் நாங்கள் காணவில்லை.

"அப்ப சோதினைக்கு என்ன எழுதுறது?" என்று கேட்டாள்.

இளம்பச்சை என்றே எழுது என்றேன். புள்ளி வேண்டுமே. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொப்பியைத் திறந்து, மூன்று நாளும் கண்ட நிறங்களைத் திகதி போட்டு ஒவ்வொன்றாக எழுதினாள். கடைசி வரிக்குப் பக்கத்தில், வேறு நிறப் பேனையால், 'புத்தகத்தில்: இளம்பச்சை' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டாள்.